ஒரே தடவை கேட்கிற ஊர்

ஆர்டிஸ் நிகார்டுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. அறுபத்திரண்டு வயதில், துணைக்கு ஒரு ஆளில்லாமல், சிகாகோ நகரத்து நட்ட நடு வீதியில் நின்றுகொண்டிருந்தாள். கைபேசியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். அதற்குள்தான் பாஸ் இருந்தது.

அண்ணன் மகள் கிறிஸ்டன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சுற்றுலா பாஸ் அது. இரண்டு நாளைக்கு ஊரில் எந்தக் காட்சிக்கூடத்துக்கு வேண்டுமானாலும் போகலாம். வாசலில் நீட்டினால் ஒரு 'பீப்', ஒரு பச்சை விளக்கு, கதவு திறக்கும். "அத்தை, நீங்க யார்கிட்டயும் வாயே திறக்க வேணாம்" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள் கிறிஸ்டன். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஆர்டிஸ் அதை வாங்கிக்கொண்டாள். அதையும்கூட மூன்றாவது தடவை நீட்டியபோதுதான் வாங்கிக்கொண்டாள்.

மினசோட்டாவின் தெற்கு ஓரத்தில் இருக்கிற ஓஸ்மார்க் என்ற பால்பண்ணை ஊரில் எல்லாருமே அப்படித்தான். ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் காபி தரட்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சும்மா ஒரு வாய் என்பார்கள். எதுக்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, போட்டே வைத்துவிட்டேனே என்பார்கள். அப்போதுதான், சரி போட்டது வீணாகக் கூடாதே என்று கை நீட்ட வேண்டும். முதல் தடவையிலேயே சரி என்றால் பறக்காவெட்டி. மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றால் திமிர் பிடித்தவள். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும்.

தெரியாத ஆள் ஊரில் ஒருவன்தான். அவன் பெயர் விக் மான்குசோ. பால் கறக்கிற இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன், மனைவியை இழந்தவன், எட்டு வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவன். காபி வேண்டுமா என்று கேட்டால் கேட்ட மாத்திரத்தில் "குடுங்க" என்பான். மாதா கோயில் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆர்டிஸும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவனுக்கு எந்த அளவு சர்க்கரை என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டாள்.

போன இலையுதிர் காலத்தில், கோயில் கூடத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் வந்து நின்று, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" என்று கேட்டான். ஆர்டிஸுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வாயோ தன் பாட்டுக்கு, "ஐயய்யோ, இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிவிட்டது. குளிர்காலத்தில், உறைந்த ஏரி மேல் மீன் பிடிக்கிற குடிசைக்குள் உட்கார்ந்திருந்தபோது மறுபடி கேட்டான். "உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றாள். பனிக்கட்டியில் போட்ட துளைக்குள்ளே வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றான் விக். ஆர்டிஸ் துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாளே பட்டணத்துக்குப் போய் ஒரு நீலநிற உடுப்பு வாங்கினாள், மூன்றாவது தடவைக்கு.

மூன்றாவது தடவை வரவே இல்லை. பனி உருகியது, புல் முளைத்தது, விக்கின் வீட்டு முன்னால் 'விற்பனைக்கு' என்ற பலகையும் முளைத்தது. அரிசோனாவில் இருக்கிற தன் அண்ணனோடு போய் இருக்கப் போகிறானாம். இன்று மாலை ஐந்து மணிக்கு வாங்குகிற ஆள் வந்து கையெழுத்து. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அந்த ஆளின் வண்டி விக்கின் வாசலில் வந்து நிற்பதைத் தன் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆர்டிஸுக்குத் தெம்பில்லை. அதனால்தான் மேசை இழுப்பறைக்குள் கிடந்த பாஸின் ஞாபகம் வந்தது, முந்தின நாளே ரயிலும் ஏறினாள்.

அழுதுகொண்டே சுற்றப் போகிறோம் என்றுதான் நினைத்து வந்தாள். நடந்தது வேறு. முதல் 'பீப்' கேட்டதுமே அவளுக்குள் ஏதோ குபுக்கென்று பொங்கிவிட்டது. மீன் காட்சியகத்தில் வெள்ளைத் திமிங்கலம் ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து அவளையே பார்க்க, "மன்னிச்சுக்கோ, மறைச்சுக்கிட்டு நிக்கிறேனா?" என்று கேட்டு நகர்ந்தாள். அடுத்த 'பீப்', மாளிகை உயரத்துக்கு ஒரு டைனோசர் எலும்புக்கூடு. அதன் வாலிலிருந்து தலைவரைக்கும் நடந்து, மறுபடி தலையிலிருந்து வால்வரைக்கும் நடந்தாள். சீக்கிரம் வா என்று சொல்ல ஆளில்லை. பசிக்குதா என்று அவள் கேட்க வேண்டிய ஆளும் இல்லை. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகே தான் இறங்கிப் பழகியவளுக்கு இது கள் குடித்த மாதிரி இருந்தது. கண்டதையெல்லாம் படம் எடுத்தாள். புறாவைப் படம் எடுத்தாள். நடுநடுவே விக்கின் ஞாபகம் வந்து நெஞ்சைக் கிள்ளும். அடுத்த 'பீப்' வரைக்கும் தாங்கினால் போதும் என்று நடையை எட்டிப் போடுவாள்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. இந்த ஊர் ஜனங்கள் சரியில்லை.

ஆற்றுப் படகில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. டெல்ஃபீன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், வாட்டசாட்டமானவள், பாஸைப் பார்த்துவிட்டு, "கண்ணு, முன்வரிசையில ஒரே ஒரு இடம் இருக்கு. தனியாத்தானே வந்திருக்கே, போய் உக்காந்துக்கோ" என்றாள்.

"ஐயோ, எனக்கு எதுக்கு அது" என்றாள் ஆர்டிஸ்.

டெல்ஃபீன் சட்டென்று திரும்பி, "ஏய் தொப்பிக்காரரே! முன்னாடி இடம் இருக்கு, வர்றீங்களா?" என்றாள். தொப்பிக்காரர் ஓடி வந்து உட்கார்ந்துவிட்டார். ஆர்டிஸ் பின்வரிசையில், அவருடைய தொப்பிக்குப் பின்னாலிருந்து, எட்டி எட்டிக் கட்டிடங்களைப் பார்த்தாள்.

ஊருக்கே பேர்போன, கண்ணாடிபோலப் பளபளக்கிற பெரிய அவரைக்கொட்டை வடிவச் சிலை முன்னால் ஒரு இளம் ஜோடி, "உங்களைப் படம் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டது. "வேணாம்ப்பா, நான் என்ன அழகா" என்றாள். "ஓகே!" என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஓகேயா? அழகில்லை என்று தன் வாயால் சொன்னதற்கு மரியாதைக்காவது ஒரு மறுப்புக் கிடையாதா? பாப்கார்ன் கடையில் ருசிக்கு நீட்டினான் ஒருவன். கையை ஆட்டி மறுத்தாள், நீட்டியதைத் தானே வாயில் போட்டுக்கொண்டான். எத்தனை பெரிய நகரம், எத்தனை உயரக் கட்டிடம், ஒருத்தரையும் பெற்றவள் வளர்க்கவில்லையே என்று ஆர்டிஸுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கடைசியாகப் பார்க்க வைத்திருந்தது ஊரிலேயே உயரமான கோபுரக் கட்டிடம். அதன் உச்சியில், சுவரைத் தாண்டி வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்று உண்டு. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி ஊரின்மேல் நிற்கலாம். அதற்கு முன்னால் பசி பிடுங்கியது. கோபுரத்துக்கு எதிர்ச் சந்தில் ஹாட் டாக் விற்கிற ஜன்னல் கடை ஒன்று. உள்ளே ஸ்டாவ்ரோஸ் என்கிற கிரேக்கக் கிழவர், மீசை மட்டும் இளமையாக இருந்தது.

"கொஞ்சம் கெட்சப் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"ஹாட் டாக்குல கெட்சப் ஊத்துறது சிகாகோவுல பாவம்மா, இந்த ஜன்னல்ல அந்தப் பேச்சே கூடாது" என்றார் ஸ்டாவ்ரோஸ். கடுகுச் சாந்து, வெங்காயம், தக்காளி, ஊறுகாய் என்று மளமளவென்று அடுக்கினார். "உருளை வறுவல் போடவா? இதோட சும்மா வர்றதுதான்."

"வேணாம், வேணாம். எனக்கு எதுக்கு."

அள்ளிய வறுவலைத் திரும்பக் கொட்டிவிட்டார். ஆர்டிஸ் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"ஒண்ணுமில்ல... மறுபடி கேப்பீங்கன்னு நின்னேன்."

"எதை?"

"வறுவல்."

"வேணாம்னீங்களே!"

"ஆமா. அது முதல் தடவைதானே. எங்க ஊர்ல மூணாவது தடவைதான் நிஜம்."

ஸ்டாவ்ரோஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "கேட்டீங்களா? இந்தம்மா ஊர்ல வறுவல் திங்கணும்னா காலையிலேயே வந்து உக்காரணும் போல!" என்றார். அவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் ஆர்டிஸின் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த ஊர்ல வேணாம்னா வேணாம்தான். பெரிய மனுஷி வாயைத் தொறந்து ஒண்ணு சொல்றாங்க, திரும்பக் கேட்டா அது அவங்களை மதிக்காத மாதிரி இல்லையா? இத்தனை வருஷமா இங்க நிக்கிறேன், ஒருத்தரையும் ரெண்டாவது தடவை கேட்டதில்ல. என் பொண்டாட்டியைத் தவிர."

"அவங்களை மட்டும் ஏன்?"

"கல்யாணத்துக்குக் கேட்டேன், மாட்டேன்னுட்டா. மானம் போச்சு. மறுபடி கேக்குறதுக்குள்ள நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அப்பவும் மாட்டேன்னிருந்தா, இந்த ஜன்மத்துல அவ இருக்கிற தெருப்பக்கமே போயிருக்க மாட்டேன். வேற ஊருக்கே ஓடியிருப்பேன்."

ஆர்டிஸின் கையிலிருந்து கடுகுச் சாந்து முழங்கைவரைக்கும் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. விக் மான்குசோ இந்த ஊர்க்காரன். இதே சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், கேட்ட மாத்திரத்தில் காபி வாங்கிக் குடிக்கிறவன். அன்று மீன் குடிசையில் அவன் சரி என்று சொன்னது பாதிப் பேச்சு அல்ல, அதோடு முடித்துக்கொண்டான். மூன்றாவது தடவை வரும் வரும் என்று இவள் நீல உடுப்பைத் தேய்த்துத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள், அவனோ மானம் போன இடத்தை விட்டு ஓட மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. இரண்டாவது தடவை கேட்பதற்கே நாக்கு ஒட்டிக்கொள்கிற ஊர்க்காரன், இவளை இரண்டாவது தடவையும் கேட்டிருக்கிறான்! அடேயப்பா! தெரு என்றும் பாராமல் ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இந்தாங்க, புடிங்க" என்று ஸ்டாவ்ரோஸ் ஒரு பொட்டலம் வறுவலை அவள் கையில் திணித்தார். "கேக்காமலே குடுத்தா உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?"

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. சந்திலிருந்து வெளியே ஓடினாள். மணி நாலு. உடனே கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் சந்தோஷத்தில் புத்தி தடுமாறிப்போனவளுக்கு ஒரு கிறுக்கு யோசனை வந்தது. இதைப் போய்க் குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்றா சொல்வது? உச்சியில், அந்தக் கண்ணாடிப் பெட்டியில், வானத்தில் நின்றுகொண்டு சொல்ல வேண்டும்!

வரிசை நீளம்தான், ஆனால் நகர்ந்தது. நகராதவள் இவள்தான். கைக்குழந்தைக்காரி வந்தாள், "நீங்க போங்க" என்றாள் ஆர்டிஸ். கைத்தடி ஊன்றிய தாத்தா வந்தார், "நீங்க போங்க." குடும்பம் குடும்பமாக வந்தார்கள், இவள் ஒதுங்கி ஒதுங்கி, பஸ் நிறுத்திப் பிள்ளைகளை இறக்குகிற மாதிரி, எல்லாரையும் முன்னால் அனுப்பினாள். ஒருத்தராவது "பரவாயில்லை, நீங்களே போங்க" என்று சொல்ல வேண்டுமே! அவள் வாசலை எட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடிக்கப் போகிற நேரம்.

"பாஸைக் காட்டுங்க" என்றான் வாசல்காரன்.

ஆர்டிஸ் கைபேசியைப் பார்த்தாள். மின்கலம் சிவப்பில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எடுத்த புறாப் படமெல்லாம் சேர்ந்து உயிரை உறிஞ்சிவிட்டிருந்தது. ஒரு 'பீப்'புக்குத் தாங்கும், அல்லது ஒரு பேச்சுக்குத் தாங்கும். இரண்டுக்கும் தாங்காது. பச்சை விளக்குக்குப் பின்னால் மின்தூக்கியின் கதவு திறந்தே இருந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், அவளுக்கு ஆசையாக இருந்தது. பிறகு வழியை விட்டு விலகி, விக்கின் எண்ணை அழுத்தினாள்.

"விக், நான் ஆர்டிஸ்."

"ஆர்டிஸா? என்ன விஷயம்? வீடு வாங்குறவர் வந்து சமையலறையில உக்காந்திருக்கார்."

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"பேனாவத் தேடிக்கிட்டிருக்கேன்."

"விக், நீங்க என்னை ரெண்டு தடவைதான் கேட்டீங்க..."

கைபேசி கறுப்பாகிவிட்டது. உலுக்கினாள், தட்டினாள், ஊதிக்கூடப் பார்த்தாள். செத்தது செத்ததுதான். ஓஸ்மார்க்கில் பேனா ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லையே, கிடைத்துவிடுமே! அழுத பிள்ளைக்குத்தான் பால். யாரிடமும் எதையும் கேட்டறியாத ஆர்டிஸ் நிகார்டு, நின்ற இடத்திலேயே திரும்பி, பஸ்ஸின் கடைசி இருக்கைவரைக்கும் எட்டுகிற அந்தக் குரலை எடுத்தாள்.

"யாராவது போன் குடுங்க! இப்பவே!"

வரிசை மொத்தமும் நிமிர்ந்தது. வாசல்காரன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். ஊதா நிறத் தலைமுடி வைத்த ஒரு பெண் இரண்டு கையாலும் தன் கைபேசியை நீட்டினாள். எண்ணுக்குத் திண்டாட்டம் இல்லை. விடியற்காலையில் பால் இயந்திரம் நின்றுபோனால் கூப்பிட வேண்டிய எண் அது, ஓஸ்மார்க்கில் வேதவசனம் தெரியாதவனுக்கும் அது மனப்பாடம்.

"மான்குசோ ரிப்பேர். இப்ப முடியாதுங்க, வீடு விக்கிற வேலையில இருக்கேன்."

"நான்தான்!"

"ஏன் போனைப் பட்டுன்னு வெச்சீங்க? ரெண்டு தடவைன்னு சொல்லும்போதே புரிஞ்சுது. தப்புதான் ஆர்டிஸ். ஒரு தடவை வேணாம்னதுக்கு அப்புறம் நான் திரும்பக் கேட்டிருக்கக் கூடாது. அன்னைக்கே மன்னிப்புக் கேக்கணும்னு..."

"ஐயோ கடவுளே, கொஞ்சம் வாயை மூடுங்க! மூணாவது தடவை ஏன் கேக்கலைன்னுதான் கேக்குறேன்!"

"மூணாவது தடவையா?" என்றான் விக்.

"மூணாவது தடவைதான் நாங்க சரின்னு சொல்லுவோம்! காபிக்கே அப்படின்னா, கல்யாணத்துக்குச் சும்மாவா?"

"எட்டு வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டுறேன், ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லலையே!"

"நீங்க கேக்கலையே! விக், நான் அதுக்குன்னு உடுப்பே வாங்கி வெச்சிருக்கேன். நீங்க இனிமே கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி, எனக்குச் சம்மதம். ஆசை. உங்களோட இருக்கணும்னு ஆசையா இருக்கு." சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஊதா முடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விக் யாரிடமோ பேசுவது தூரத்தில் கேட்டது. "சார், மன்னிச்சுக்கணும், வீடு விக்கலை. ஆமா, நிஜமாத்தான். ஒரு காபி குடிக்கிறீங்களா?" பிறகு இவளிடம், "வேணாம்ங்கிறார்."

"அவர் நம்ம பக்கத்து ஆளு! இன்னும் ரெண்டு தடவை கேளுங்க!"

அவன் சிரித்தான். குடிசையில் பனித் துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்குப் பிறகு அவன் சிரித்து அவள் கேட்டதே இல்லை. "எங்கிருந்து பேசுறீங்க? ஒரே இரைச்சலா இருக்கு."

"உங்க ஊர்லேர்ந்துதான். கோபுரத்து வாசல்ல. மேல போகலை. போன் செத்துப்போச்சு, பாஸ் அதுக்குள்ள."

"நான் அந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவன், ஒரு நாள்கூட அதுல ஏறினதில்ல. அதெல்லாம் வெளியூர்க்காரங்க ஏறுறதுன்னு விட்டுட்டோம்" என்றான். "பாஸ் நாளைக்கும் செல்லுமா?"

"செல்லும்."

"ஆர்டிஸ், நான் கிளம்பி வரட்டுமா?"

இருட்டில் ஆறு மணி நேர ஓட்டம். வண்டியோ பழசு, வயசும் ஆகிறது. ஐயய்யோ, அவ்வளவு தூரம் எதுக்கு, உங்களுக்கு எதுக்குச் சிரமம்... அறுபத்திரண்டு வருஷப் பழக்கம் நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வா" என்றாள் ஆர்டிஸ். "ரோட்டுல மான் குறுக்க வரும். பாத்து ஓட்டு."